கிணற்று நீரும் காய்ச்சற் காவியும்: மன்னார்க் கரையோரம் ஓர் ஆய்வுப் புலமாக

இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றளித்தது. உள்நாட்டிலேயே தொற்றுப் பெற்ற கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டிருந்தார். அதன் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் நுளம்பின் வழியே ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு அந்நோய் பரவவில்லை என்பது உறுதியான பிறகே அச்சான்று கிடைத்தது. அதே ஆண்டு டிசெம்பரில், மன்னார்த் தீவின் கிணறுகளில் நடந்த பூச்சியியற் கண்காணிப்பில், இலங்கையில் அதுவரை பதிவாகியிராத நுளம்பினம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்பது அதன் பெயர். இந்தியப் பெருநகரங்களில் மலேரியாவைப் பரப்பும் முதன்மையான இனம் அதுவே. சான்றிதழுக்கும் இந்த வருகைக்கும் இடையில் மூன்று மாதங்களே கழிந்திருந்தன என்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் ஒரு நோயை ஒழித்தல் என்றால் எதை ஒழித்தல், எது எஞ்சி நிற்கிறது என்ற வினாவை மன்னாரின் கிணறுகள் அன்று எழுப்பின. அவ்வினா இன்றும் தீரவில்லை.

மலேரியாவுக்குக் காரணம் பிளாஸ்மோடியம் என்னும் ஒற்றைக்கல ஒட்டுண்ணி. நோயுற்றவரின் குருதியை உறிஞ்சும் பெண் அனோபிலிஸ் நுளம்பின் வயிற்றுள் அது புகுந்து, குடற்சுவரில் வளர்ந்து, பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வெப்பநிலையைப் பொறுத்து ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். அத்தனை நாள் உயிரோடிருந்து மீண்டும் ஒரு மனிதரைக் கடிக்கும் நுளம்பு மட்டுமே நோயைக் கடத்தும். இவ்வாறு ஒட்டுண்ணியைத் தன்னுள் வளர்த்துச் சுமந்து செல்லும் உயிரியே நோய்க்காவி எனப்படும். 2016 ஆம் ஆண்டின் சான்றிதழ் ஒட்டுண்ணியின் சங்கிலி அறுந்ததைக் கூறியதேயன்றிக் காவிகள் மறைந்துவிட்டன என்று கூறவில்லை. நாட்டில் காவிகள் முன்போலவே இருந்தன. மன்னாரில் நேர்ந்தது யாதெனில், பழைய காவிகளோடு அவற்றிலிருந்து வேறுபட்ட வாழ்முறை கொண்ட புதியதொரு காவியும் சேர்ந்துகொண்டமையே.

அந்த வேறுபாட்டின் கனத்தை உணர இலங்கை மலேரியாவின் பழைய வரலாறு வேண்டும். இத்தீவின் முதன்மைக் காவி அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். வெயில் படும் தெளிந்த நீர்க்குட்டைகளில், குறிப்பாக ஓட்டம் நின்ற ஆற்றுப்படுகைகளில், அது முட்டையிடும். ஆகவே இலங்கையின் மலேரியா பெரும்பாலும் ஊர்ப்புறத்து நோயாக, ஆறுகளும் குளங்களும் சார்ந்ததாக, மழையின் கணக்கோடு கட்டுண்டதாக இருந்தது. 1934 இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றி மணலுக்கிடையே குட்டைகளாகத் தேங்கியபோது, வழமையாக மலேரியா அதிகம் காணாத ஈரவலய மக்களிடையே நோய் வெடித்துக் கிளம்பியது. 1934–35 ஆம் ஆண்டுகளின் அந்தக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். இரண்டாம் உலகப் போரின் முடிவையொட்டி வீடுகளுக்குள் டி.டி.ரி. தெளிக்கும் பணி தொடங்கியது. 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. வெற்றி கிட்டிவிட்டதென்ற எண்ணத்தில் தெளித்தல் நிறுத்தப்பட்டது, பணியாளர் குறைக்கப்பட்டனர், கண்காணிப்புத் தளர்ந்தது. அந்த தசாப்தம் முடிவதற்குள் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. பொதுச் சுகாதார வரலாற்றில் இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு பெரிய பின்னடைவைக் கண்ட நாடுகள் மிகச் சில. மலேரியாத் தடை இயக்கத்தின் பிற்காலக் கவனத்துக்கெல்லாம் அடியில் இருப்பது அந்த ஐந்தாறு ஆண்டுகளின் கசப்பே எனலாம்.

நோயை ஒழிக்கும் இரண்டாவது முயற்சி உள்நாட்டுப் போரின் நடுவே நடந்தது என்பதைப் பொதுவான நூல்கள் போதிய அளவு எடுத்துரைப்பதில்லை. 1999 இல் இலட்சக்கணக்கில் இருந்த நோயாளர் எண்ணிக்கை, வடக்கிலும் கிழக்கிலும் போர் ஓயாதிருந்த ஆண்டுகளிலேயே சரியத் தொடங்கியது. நுளம்பு வலைகளும் மருந்துகளும் சோதனைச் சாவடிகளைக் கடந்து சென்றன. இடம்பெயர்ந்தோர் முகாம்களில் குருதிப் பரிசோதனைகள் நடந்தன. பெயர் வெளியே தெரியாத களப்பணியாளர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், கிராமத்துத் தொண்டர்கள் அப்பணியைச் சுமந்தனர். வன்னியும் மன்னாரும் அந்த உழைப்பின் பங்காளிகள். 2012 இல் உள்நாட்டுத் தொற்று நின்றதென்றால், அது ஆய்வுகூடத்தில் மட்டும் ஈட்டிய வெற்றியன்று.

இனி ஸ்டீபென்சியை நோக்கலாம். பம்பாயில் பணியாற்றிய டபிள்யூ. கிளென் லிஸ்டன் இவ்வினத்தை 1901 இல் விவரித்துப் பெயரிட்டார். ரொனால்ட் றோஸ் 1897 ஓகஸ்ட்டில் செக்கந்தராபாத்தில் நுளம்பின் குடற்சுவரில் ஒட்டுண்ணியைக் கண்டு இந்நோயின் வழியை உலகுக்கு வெளிப்படுத்தியபோது அவர் அறுத்துப் பார்த்த நுளம்பும் இவ்வினமாகவே இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1911 இல் பம்பாய் மலேரியாவை ஆராய்ந்த சி. ஏ. பென்ட்லி, அந்நகரத்துக் காய்ச்சலின் ஊற்று வீடுகளின் கிணறுகளும் நீர்த்தாங்கிகளுமே என்று நிறுவினார். கிணறுகளை மூடவேண்டுமென்ற பரிந்துரை எழுந்ததும், ஊற்றுநீரைச் சமயக் கடமைகளுக்குக் கட்டாயமெனக் கொண்ட பார்சி மக்களும் இந்துக்களும் எதிர்த்து நின்றனர். நகராட்சி அதிகாரிகள் அந்த எதிர்ப்பை அறியாமையென்று பார்த்தனர். ஆனால் நீரைக் கைவிடச் சொல்லும் எந்தச் சுகாதாரத் திட்டமும் மக்களின் வாழ்வைக் கேளாமல் நிறைவேறாது என்பதற்கு அது ஒரு சான்று. சென்னையிலும் இதே இனம், வீட்டுக் கிணறுகளையும் மேல்மாடி நீர்த்தாங்கிகளையும் பற்றிக்கொண்டு, பல தசாப்தங்களாக நகர மலேரியாவை நிலைநிறுத்தி வந்தது. ஆறு வேண்டாம், வயல் வேண்டாம், பருவமழையும் வேண்டாம். மனிதர் தமக்கென்று சேமிக்கும் நன்னீர் இருந்தாற் போதும். கியூலிசிபேசிஸ் மழையை நம்பி வாழ்வது. ஸ்டீபென்சி மனிதரின் நீர்ச் சேமிப்பை நம்பி வாழ்வது. இவ்வொரு வேறுபாட்டினாலேயே, எந்த ஆண்டில் எந்த மாதத்தில் ஆபத்து வரும் என்று பழைய அனுபவம் கற்பித்த கணக்குகள் பல பயனற்றுப் போகின்றன.

மன்னாரில் கண்ட நுளம்பு உண்மையில் எந்த வகையினது என்பதை ஆராயும் பணியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையைச் சேர்ந்த பேராசிரியர் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரனும் அவருடன் பணியாற்றியோரும் ஈடுபட்டனர். அவர்களின் ஆய்வு 2018 இல் வெளிவந்தது. இவ்வினா வெறும் பெயர்சூட்டும் வினாவன்று. ஸ்டீபென்சிக்குள் மூன்று வடிவங்கள் உண்டு: நகரங்களில் வாழ்ந்து மனிதக் குருதியை நாடும் மூலவடிவம், ஊர்ப்புறத்தில் கால்நடைகளை நாடும் மைசூரென்சிஸ், இரண்டுக்கும் நடுவிலான இடைவடிவம். அனோபிலிஸ் முட்டைகள் படகு வடிவின. அவற்றின் இரு பக்கங்களிலும் உள்ள மிதவைகளில் எத்தனை வரம்புகள் உள்ளன என்பதை எண்ணியே இவ்வடிவங்களை இந்திய ஆய்வாளர் வழமையாகப் பிரித்தனர். மூலவடிவத்தில் 14 முதல் 22 வரம்புகள். மைசூரென்சிஸில் 9 முதல் 15. நோய் கடத்தும் வலிமையில் மூலவடிவமே முன்னிற்கிறது. ஆகவே மன்னாருக்கு வந்தது எது என்பதைப் பொறுத்தே அச்சத்தின் அளவும் அமையும்.

மன்னார்த் தீவின் பேசாலையில் சேகரித்த குடம்பிகள், அதாவது நீரில் நெளியும் இளம்பருவப் புழுக்கள், ஆய்வுகூடத்தில் முதிர்நுளம்புகளாக வளர்க்கப்பட்டன. அவற்றின் நெஞ்சுப்பகுதி மூச்சுத்துளையின் நீளமும் நெஞ்சின் நீளமும் அளக்கப்பட்டு, இரண்டின் விகிதம் இந்திய அளவுகளோடு ஒப்பிடப்பட்டபோது, அவை நகர்வாழ் மூலவடிவத்தோடு பொருந்தின. அத்தோடு, கலத்தின் ஆற்றல் நிலையங்களான இழைமணிகளிலிருந்து இரண்டு மரபணுத் துண்டுகளும் கலக்கருவிலிருந்து ஒன்றும் எடுத்துப் படிக்கப்பட்டன. அவை இந்தியாவிலும் மத்திய கிழக்கிலும் பதிவான ஸ்டீபென்சி வரிசைகளோடு ஒத்தன. ஓரிடத்தில் மட்டும் ஒரேயோர் எழுத்து மாறியிருந்தது. அம்மாற்றத்தால் அங்கு உருவாகும் புரதத்தில் வலீன் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதில் மெதியோனீன் இடம்பெற வேண்டும். பெரிய கூட்டத்திலிருந்து பிரிந்து வந்த சிலவே ஒரு புதிய இடத்தில் வழித்தோன்றல்களைப் பெருக்கும்போது, அச்சிலவற்றில் தற்செயலாக இருந்த தனித்தன்மை அங்குள்ள முழுக் கூட்டத்துக்கும் உரியதாகிவிடும். இதை உயிரியலார் நிறுவுநர் விளைவு என்பர். மன்னார் நுளம்பின் அந்த ஒற்றையெழுத்து மாற்றம் அவ்வாறான தொடக்கத்தின் தடமாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர் கருதினர். சில நுளம்புகளின் மூச்சுத்துளையை அளப்பதும் சில நூறு எழுத்துகளைப் படிப்பதும் வெளியார்க்குச் சிறு வேலையாகத் தோன்றலாம்; ஆனால் ஒரு நாட்டின் மலேரியா எதிர்காலத்தைப் பற்றிய மதிப்பீடு அவ்வளவு நுண்ணிய வேலையின் மேலேதான் நிற்கிறது. வகைப்பாட்டியலைப் பழங்காலத்துக் கல்வியென ஒதுக்கும் போக்கு பல்கலைக்கழகங்களில் வளர்ந்துவரும் இக்காலத்தில், இதனை அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது.

அது எவ்வாறு கடலைக் கடந்தது என்பதை எவரும் கண்டதில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 1914 முதல் 1964 ஆம் ஆண்டுப் புயல் வரை அவ்விரு துறைகளையும் நீராவிக் கப்பல் இணைத்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மண்டபம் முகாமில் தடுத்துவைத்துப் பரிசோதிக்கப்பட்ட காலமும் உண்டு. அக்காலத்து ஆட்சி நோயின் வருகைக்கு ஏழைத் தொழிலாளியின் உடலையே எப்போதும் குற்றவாளியாக்கியது. இன்று அதே மனப்பான்மை மீனவர்மீதும் அகதிகளாய்ச் சென்று திரும்புவோர்மீதும் திரும்பலாகாது. இலட்சத்தீவுகளிலும் இந்நுளம்பு முன்னரே பதிவாகியுள்ளது. நீர்க்கலன்களோடு செல்லும் எந்தக் கலமும் அதற்கு ஊர்தியாகலாம். மன்னாருக்குப் பின் யாழ்ப்பாண நகரின் கிணறுகளிலும் அதன் குடம்பிகள் கிடைத்தன.

ஆபிரிக்காவில் நடந்ததை ஒருமுறை நோக்கினால் இவ்வருகையின் கனம் விளங்கும். ஜிபூட்டியில் இவ்வினம் 2012 இல் முதன்முதலாகப் பதிவானது. அவ்வாண்டு அந்நாட்டில் மலேரியா நோயாளர் 27 பேரே. 2020 இல் 73,000 க்கும் மேற்பட்டோர். எதியோப்பியா, சூடான், சோமாலியா, நைஜீரியா என்று அது பரவிய பின், அதைத் தடுக்கவென்றே உலக சுகாதார நிறுவனம் 2022 இல் தனியொரு முன்னெடுப்பைத் தொடங்கியது. இலங்கையில் அத்தகைய வெடிப்பு நிகழவில்லை. காரணம், இங்கு காவி வந்தபோது ஒட்டுண்ணி இல்லை. அதைத் தேடும் அமைப்பு இருந்தது.

காவியைக் கட்டுப்படுத்த முனையும் இடத்தில்தான் உயிரியல், பொறியியலைத் தேடிச் செல்லவேண்டியுள்ளது. மன்னார்த் தீவு மணற்றீவு. இலங்கையில் மழை குறைந்த பகுதிகளில் ஒன்று. வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையின் ஒரு பகுதி மணலூடே இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் நன்னீர் வில்லையாக மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி கடல்நீரினதைவிடச் சற்றே குறைவு என்பதால் இம்மிதப்பு நிகழ்கிறது. டச்சுப் பொறியியலாளர் கைபனும் ஜெர்மானியர் ஹெர்ஸ்பேர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவையொட்டித் தனித்தனியே வகுத்த கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அலகு உயர்ந்து நின்றால், கீழே நாற்பது அலகு ஆழம்வரை அது நிற்க இயலும். அக்கணக்கின் மறுபக்கம் கொடியது: இயந்திர நீரிறைப்பால் மேல்மட்டம் ஒரு சாண் தாழ்ந்தால், கீழிருந்து உப்புநீர் நாற்பது சாண் ஏற இடமுண்டு. எனவே ஆழக் குழாய்க்கிணறு இங்கே உதவாது. மேலோட்டமான, அகன்ற, வெட்டித் தூக்கிய கட்டுக்கிணறே இத்தீவின் இயற்கைக்கு இசைந்த பொறியியல். எருக்கலம்பிட்டி, தாராபுரம், பேசாலை, தலைமன்னார் என்று ஊர்தோறும் தலைமுறைகளாக மக்கள் கண்டறிந்த அந்த அறிவுக்கு நிலத்தடி நீரியல் பின்னரே விளக்கம் தந்தது.

அந்தக் கிணறே இப்போது ஸ்டீபென்சியின் தொட்டில். நிழலும் அமைதியும் தெளிந்த நீரும் ஆண்டு முழுவதும் அதற்கு அங்கே கிடைக்கின்றன. கிணறுகளைத் தூர்த்துவிடச் சொல்வது பம்பாயில் நிகழ்ந்த தவற்றை இன்னும் கொடிதாக மீட்பதாகும்; அங்கே மாற்றாகக் குழாய்நீர் இருந்தது. ஆகவே பயனிலிருக்கும் கிணற்றை நுண்வலையால் இறுக மூடுதல், கைவிட்ட கிணற்றைத் தூர்த்தல், குடம்பி உண்ணும் கப்பி மீன்களை விடுதல், தேவையான இடத்தில் தெமெபொஸ் என்னும் குடம்பிகொல்லியைக் குறித்த அளவில் இடுதல் ஆகிய வழிகளே கையாளப்படுகின்றன. இவற்றுள் வலை மூடியே பொறியியலாளரின் கவனத்துக்கு மிகவும் உரியது. வாளி கட்டி அள்ளும் வீட்டில் மூடி நாளுக்குப் பலமுறை திறக்கப்படும். உப்புக்காற்றில் இரும்புச் சட்டம் சில ஆண்டுகளில் துருப்பிடித்து வளையும். ஒரு விரல் நுழையும் இடைவெளி பெண் நுளம்புக்குத் தாராளமான வாசல். குடம்பிகள் இருக்கின்றனவா என்பதைவிட மூடி எத்தனை மாதம் இறுக்கமாக நிற்கிறது என்பதை அளக்கும் ஆய்வே இக்கரைக்கு உடனடிப் பயன் தரும்; அதனைச் செய்யப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை.

கப்பி மீன் உள்ளூர் இனமன்று. மூடிய கிணற்றுள் அது தீங்கற்றது. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுக் களப்பையோ குளத்தையோ அடைந்தால் உள்ளூர்ச் சிறுமீன்களோடு போட்டியிடும். மன்னாரை அடுத்த வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பறவைகளின் புகலிடம் என்பதை நினைத்தால், சுகாதாரத் துறையும் வனசீவராசிகள் துறையும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வது நன்று.

உப்பு ஏறுவதால் நுளம்பு ஒழியும் என்று ஆறுதல் கொள்வோரும் உளர். வட இலங்கை ஆய்வுகள் அந்த ஆறுதலைக் கலைத்துவிட்டன. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புகள் நன்னீரில் மட்டுமே முட்டையிடும் என்பது நூற்றாண்டுக்கால நம்பிக்கை. கட்டுப்பாட்டுத் திட்டங்கள் யாவும் அதன்மேலேயே எழுந்தன. ரஞ்சன் இராமசாமியும் சுரேந்திரனும் உள்ளிட்ட குழுவினர், கரையோரத்தில் வீசப்பட்ட உணவுக் கலன்களிலும் கைவிட்ட படகுகளிலும் பயனற்ற கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரில் ஈடிஸ் குடம்பிகள் வளர்வதை 2011 இல் வெளியிட்டனர். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு. 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும் அவை கிடைத்தன. உவர்நீரில் வளரும் குடம்பிகளின் புறத்தோலின் அமைப்பே மாறுவதைப் பின்னைய ஆய்வுகள் காட்டின. உப்பைத் தடுக்கும் அத்தோல் குடம்பிகொல்லியையும் ஓரளவு தடுக்கும் என்பது அவ்வாய்வுகளின் கவலைக்குரிய பகுதி. கடல்மட்டம் உயர்வதாலும் நிலத்தடி நீர் மிகையாக இறைக்கப்படுவதாலும் உவர்நீர்ப் பரப்பு விரியும் எந்தக் கரையோரத்துக்கும் இது பொருந்தும். யாழ்ப்பாணத்தில் தொடங்கிய இச்சிந்தனை உலகின் கரையோர நோயியலுக்கே ஒரு புதிய வினாவைத் தந்தது. அதற்குரிய பெருமை தமிழ் வாசகரிடையே இன்னும் பரவவில்லை.

மன்னார்த் தீவில் நீர் தேங்குவதைப் பற்றிப் பேசுகையில், அதன் தென்கரையில் 2021 இல் நிறைவான தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்களைப் பற்றியும் இங்கே சிறிது கூறவேண்டும். கோபுரங்களுக்காக உயர்த்திய பாதைகள் மழைவெள்ளம் கடலுக்கு வடிவதைத் தடுக்கின்றன என்பது மக்களின் முறைப்பாடு. 2025 இல் புதிய கோபுரங்களுக்கு எதிராக மன்னாரில் எழுந்த போராட்டத்தில் அதுவும் ஒரு குரல். வெள்ளநீர் தேங்குமிடங்களில் பெருகுபவை பெரும்பாலும் வேறு நுளம்புகளே; ஆயினும் தேங்கிய வெள்ளம் மலக்குழிகளையும் கிணறுகளையும் கலக்கவல்லது. அம்முறைப்பாட்டுக்கு உரிய விடை, பாதைகளின் இரு மருங்கும் நிலமட்டத்தை அளந்து, மதகுகள் எங்கே போதவில்லை என்று வரைபடத்தில் காட்டுவதே. காற்றிலிருந்து மின்சாரம் பெறுவது நல்ல நோக்கம் என்பதனால் அந்த அளவீட்டைத் தவிர்க்க இயலாது.

எஞ்சியிருப்பது ஒட்டுண்ணியின் வருகை. ஆண்டுதோறும் வெளிநாடுகளிலிருந்து மலேரியாவோடு இலங்கைக்கு வருவோர் உளர். 2018 டிசெம்பரில், அவ்வாறு வந்த ஒருவரிடமிருந்து உள்நாட்டவர் ஒருவருக்கு நோய் தொற்றியதை மொனராகலையில் கண்டறிந்தனர்; விரைவான சிகிச்சையும் நுளம்புக் கட்டுப்பாடும் அதை அந்த ஒருவரோடு நிறுத்தின. ஒரே இடத்தில் ஒரே இன ஒட்டுண்ணியால் ஆண்டுக்கு மூன்று பேருக்கேனும் உள்நாட்டுத் தொற்று ஏற்பட்டு, அது தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நீடித்தால் நோய் மீள நிலைபெற்றதாக உலக சுகாதார நிறுவனம் கொள்ளும்.

மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வரும் காய்ச்சல் நோயாளியை இன்று பார்க்கும் இளம் மருத்துவர், தம் கல்விக்காலத்தில் உள்நாட்டு மலேரியா நோயாளி எவரையும் கண்டிராதவர். காய்ச்சல் என்றதும் டெங்கு, எலிக்காய்ச்சல் என்றே எண்ணம் ஓடும். வைவாக்ஸ் என்னும் மலேரியா இனமோ கல்லீரலில் உறங்குநிலைக் கலங்களாக ஒளிந்திருந்து, தொற்றிப் பல மாதங்கள் கழிந்தும் எழக்கூடியது. குருதியிலுள்ள ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்து அக்கலங்களைத் தொடாது. அதற்கெனப் பிரைமாக்குயின் என்னும் மருந்தை, குருதிச் சிவப்பணுக்களில் குறிப்பிட்ட நொதியக் குறைபாடு இல்லையென்று உறுதிசெய்தபின், 14 நாள் கொடுப்பது வழமை. ஆகையால் அங்கு வருபவரிடம் கேட்கவேண்டிய முதல் வினாக்களுள் ஒன்று, சென்ற வாரத்தை மட்டுமன்றிக் கடந்த பல மாதங்களையும் உள்ளடக்கிய பயண விவரமாக இருத்தல் வேண்டும். குருதிப் பூச்சில் ஒட்டுண்ணியை அடையாளம் காணும் கண், ஆண்டில் ஒரு நோயாளிகூட வராத மாவட்டத்திலும், பயிற்சியால் கூர்மையாக வைத்திருக்கப்படவேண்டும். பேசாலைக் கிணற்றில் குடம்பியைத் தேடும் பரிசோதகரின் பதவி வெற்றிடமாகாதிருப்பதும் அதே அளவு இன்றியமையாதது.